வண்டல்: தேய்ந்துபோனவற்றின் வரலாறு





இவ்வாரத் தியானத்திற்கு ஒரு சிறிய சொல்லை எடுத்துக்கொள்வோம். பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படாத சொல் அது: வண்டல். கோடையில் குளம் வற்றியபின் அதன் அடியில் வெடித்துக் கிடக்கும் கருமண்ணை நம் விவசாயிகள் கரம்பை என்பார்கள். நூல்கள் அதனை வண்டல் என்னும். பாறை தேய்ந்து உதிர்ந்த பொருளுக்கு நிலவியலார் வழங்கும் பெயர் டெட்ரிட்டஸ். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. வேதாகமத்தின் எபிரெய மொழியிலும் இதற்கு நிகரான ஒரு சொல் உண்டு.

இச்சொற்கள் பிறந்து வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்தால், “நான் தேய்ந்துபோனேன், இனி யாருக்கும் பயன்படேன்” என்று சொல்லும் விசுவாசிக்குச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை கிடைக்கிறது. அவரைத் தேய்த்தவர்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையும் கிடைக்கிறது. இரண்டையும் இன்று சிந்திப்போம்.

மலையிலிருந்து குளத்திற்கு

நம் சுரண்டைக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் மிகப் பழமையான, மிகக் கடினமான பாறைகளால் ஆனது. ஆயினும் அது நாள்தோறும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. பகலின் வெயிலில் பாறை விரிகிறது. இரவின் குளிரில் சுருங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளில் நீர் இறங்குகிறது. மரத்தின் வேர் அந்த வெடிப்பைப் பிளக்கிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயு கலந்த மழைநீர், பாறையின் தாதுக்களை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் குற்றாலத்தில் சாரல் விழும்போது நாம் அருவியின் அழகைக் காண்கிறோம். அந்த அருவியின் நீரோடு மலையும் சிறிது சிறிதாக இறங்கிவருகிறது.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, கிழக்கு நோக்கி ஓடிச் சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. வழியெங்கும் நம் முன்னோர் அணைக்கட்டுகளை அமைத்து, கால்வாய் வெட்டி, நீரைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். நீரோடு மண்ணும் வந்தது. வெள்ளத்தின் வேகம் குறையும்போது முதலில் கல் தங்குகிறது, பின்பு பருமணல், பின்பு நுண்மணல். எல்லாவற்றிலும் அதிகமாக நொறுங்கிய நுண்துகளோ, நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை தங்குவதே இல்லை. நீர் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் அது அடியில் படிகிறது. அதுவே நம் குளத்து வண்டல்.

இதில் கவனிக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. பயிருக்கு அதிகம் உதவுவது பெரிய கல் அன்று, பருமணலும் அன்று. மிகவும் நொறுங்கிய பகுதியே. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கனசதுரக் கல்லொன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். எடை அதேதான், மேற்பரப்போ பத்து மடங்கு. களிமண் துகள் இதைக் காட்டிலும் பன்மடங்கு நுண்ணியது. ஆகையால் அது நீரைப் பிடித்து வைக்கிறது. சுண்ணாம்புச்சத்து, சாம்பல்சத்து முதலியவற்றைத் தன்மேல் ஏந்திக்கொண்டு, பயிரின் வேர் கேட்கும்போது கொடுக்கிறது. முழுப்பாறையின்மேல் எத்தனை மழை பெய்தாலும் அது வழிந்தோடிவிடும். நொறுங்கியதே தாங்கிக்கொள்கிறது.

கடலைத் தள்ளிய மண்

ஆற்றோடு வந்த மண் எல்லாம் குளங்களில் தங்கிவிடவில்லை. அது தாமிரபரணியின் கழிமுகம்வரை சென்று நம் நாட்டின் வரலாற்றையே மாற்றியது.

பாண்டியரின் துறைமுகமும் முத்துக்குளிப்பின் தலைநகருமாக விளங்கியது கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு ஒன்றும், அதற்கு அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலும் அதனைக் கொல்கோய் என்று குறிப்பிடுகின்றன. அத்தகைய கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6, 7 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில், ஓர் அமைதியான சிற்றூராக இருக்கிறது.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நாம் நன்கு அறிந்த ராபர்ட் கால்டுவெல் ஐயர் அவர்கள். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் ஊழியத்தை ஏற்றவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். 1877இல் பேராயராக அபிஷேகம் பெற்றவர். சுரண்டையில் சர்ச் மிஷன் சங்கத்தார் ஊழியம் செய்துவந்த அதே நூற்றாண்டில், அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தார். மேலே ஆற்று வண்டல் இருந்தது. அதனடியில் கடற்சிப்பிகள் கிடந்தன. முன்பு அது கடற்கரை என்பதற்கு அதுவே சாட்சி. மலையிலிருந்து தாமிரபரணி கொண்டுவந்த மண், நூற்றாண்டுகள் தோறும் கழிமுகத்தில் படிந்து கடலைக் கிழக்கே தள்ளியது என்று அவர் விளக்கினார். கொற்கைக்குப் பின்பு காயல் துறைமுகமாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய அந்தக் காயலும் பின்னாளில் கடலை இழந்தது.

சொற்களின் வேரைத் தேடிய கால்டுவெல், மண்ணின் வேரையும் தேடினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவருடைய கண்டுபிடிப்பு நமக்கு இரண்டு காரியங்களை ஒருங்கே காட்டுகிறது. ஒரே மண்தான் துறைமுகத்திற்கு முடிவாகவும், நெல்வயலுக்குத் தொடக்கமாகவும் இருந்தது. கப்பல் நின்ற இடத்தில் இன்று கதிர் நிற்கிறது. இழப்பு இழப்பே, அதை இல்லையென்று சொல்லலாகாது. ஆயினும் கதை அந்த இழப்போடு முடிந்துவிடவும் இல்லை.

ஒரு விவசாயியின் கேள்வி

இதே சிந்தனை, கால்டுவெல்லுக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு, ஸ்காட்லாந்தில் ஒருவரை ஆட்கொண்டது. ஜேம்ஸ் ஹட்டன் என்பது அவர் பெயர். 1726இல் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று பட்டம் பெற்றபோதிலும் அத்தொழிலைச் செய்யாமல், தந்தைவழி வந்த நிலத்தில் விவசாயம் செய்யப் போனார். அங்கே அவர் கண்டது, ஒவ்வொரு மழையிலும் தம் வயலின் மண் ஓடையில் கரைந்து போவதை. எந்த விவசாயிக்கும் வேதனை தரும் காட்சி அது.

அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பாறை தேய்ந்தால்தான் மண் உண்டாகும். மண் இருந்தால்தான் பயிரும் உயிரும் இருக்கும். ஆனால் அந்த மண்ணோ இடைவிடாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் உலகம் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் வெறுமையாகிவிடுமா? மனிதர் வாழ்வதற்கென்று ஞானமாய் அமைக்கப்பட்ட பூமி, தன் அழிவைத் தன்னுள்ளே சுமந்துகொண்டிருக்கிறதா? நெடுநாள் ஆராய்ந்து அவர் கண்ட விடை இது: கடலடியில் சேரும் அந்தத் தேய்மானமே இறுகிப் பாறையாகிறது, பூமியின் உள்வெப்பத்தால் உயர்த்தப்பட்டு மறுபடியும் நிலமாகிறது. 1785இல் எடின்பரோவின் அறிஞர் கழகத்தில் இக்கருத்தை முன்வைத்த அவர், 1795இல் அதனை விரிந்த நூலாக வெளியிட்டார். அவர் 1797இல் மறைந்தபின், அவருடைய கடினமான நூலை எளிய நடையில் விளக்கி 1802இல் எழுதியவர் ஜான் பிளேஃபேர் என்னும் கணிதப் பேராசிரியர். பிளேஃபேர் அதற்கு முன்பு ஸ்காட்லாந்துத் திருச்சபையில் குருவாகப் பணிசெய்தவர்.

இவ்விருவரின் எழுத்துகளின் வழியேதான் டெட்ரிட்டஸ் என்னும் இலத்தீன் சொல் ஆங்கில நிலவியலுக்குள் நுழைந்தது. முதலில் அது தேய்தல் என்னும் செயலைக் குறித்தது. பின்பு தேய்ந்து உதிர்ந்த பொருளையே குறிக்கலாயிற்று. பிற்காலத்தில் உயிரியலாரும் அதனை எடுத்துக்கொண்டு, உதிர்ந்து மட்கிய இலை முதலியவற்றுக்குப் பெயராக்கினார்கள். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் மட்குப்பொருள் என்று படிப்பது அதைத்தான். இன்று பொதுவழக்கில் அச்சொல்லுக்குக் குப்பை, கழிவு என்னும் பொருளும் சேர்ந்துவிட்டது. அது நிலவியலுக்குள் வந்தபோது இருந்த நிலை வேறு. எது பூமியின் அழிவைப்போலத் தோன்றியதோ, அதுவே பூமி காக்கப்படும் வழி என்று கண்ட நூல்களில் அது இடம்பெற்றது.

ஒரே வேரின் பிள்ளைகள்

அந்த இலத்தீன் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். டே என்பது ‘விலக்கி, அகற்றி’ என்னும் முன்னொட்டு. டெரெரே என்பது ‘தேய்’ என்னும் வினை. ஆக, தேய்த்து அகற்றப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள்.

இந்த ‘தேய்’ என்னும் வினைக்கு இலத்தீனில் வேறு பிள்ளைகளும் உண்டு. வைக்கோலிலிருந்து தானியத்தைப் பிரிக்கப் பழங்கால ரோமர், அடியில் கூர்ங்கற்களோ இரும்புப் பற்களோ பதித்த பலகையைக் கதிர்களின்மேல் இழுத்தார்கள். அந்தப் போரடிக்கும் பலகையின் பெயர் டிரிபுலம். அதிலிருந்து பிறந்த டிரிபுலாசியோ என்னும் சொல்லையே இலத்தீன் வேதாகமம் உபத்திரவம் என்னும் பொருளில் பயன்படுத்தியது. மற்றொரு பிள்ளை கான்ட்ரிட்டும். முழுவதும் தேய்க்கப்பட்டது, நொறுக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். தாவீதின் பாவ அறிக்கையாகிய 51ஆம் சங்கீதத்தில், தேவன் புறக்கணியாத இருதயம் எத்தகையது என்று சொல்லும் 17ஆம் வசனத்தில், இலத்தீன் வேதாகமத்தில் நிற்கும் சொல் இதுதான். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் நொறுங்குண்டது, நருங்குண்டது என்னும் சொற்களை வாசிக்கிறோம்.

மலையடிவாரத்தில் கிடக்கும் கற்பொடியின் பெயரும், மனந்திரும்பிய பாவியின் இருதயத்தின் பெயரும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒரே வேரில் பிறந்ததால் இரண்டு சொற்களின் பொருள் ஒன்றாகிவிடாது. சொல்லின் வேரைக்கொண்டு உபதேசத்தைக் கட்டவும் கூடாது. ஆயினும் அந்த மொழியைப் பேசியவர்கள், கல் தேய்வதையும் உள்ளம் உடைவதையும் ஒரே சொல்லால் எண்ணிப் பார்த்தார்கள் என்பதை அது நமக்குக் காட்டுகிறது. வேதாகமத்தின் மூலமொழியில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது.

யோபு பார்த்த வெள்ளம்

எபிரெயத்தில் ‘தேய்த்துப் பொடியாக்கு’ என்று பொருள்படும் ஒரு வினை ஷாஹக். யோபு அதனைத் தன் துயரத்தின் நடுவில் பயன்படுத்துகிறான் (யோபு 14:18, 19). மலையும் விழுந்து சிதைகிறது. பாறையும் தன் இடத்தைவிட்டுப் பெயர்கிறது. நீர் கற்களைத் தேய்க்கிறது. வெள்ளம் நிலத்தின் மண்ணை அடித்துச் செல்கிறது என்று அவன் சொல்லுகிறான். நிலவியல் அறிஞர் எழுதியதுபோன்ற வருணனை! ஆனால் யோபு அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. இப்படியே தேவரீர் மனுஷனுடைய நம்பிக்கையையும் அழிக்கிறீர் என்று முறையிடுகிறான். வேதம் அந்த முறையீட்டை நீக்கிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறது. தேய்ந்துபோன மனிதனுக்கு உடனே ஒரு பாடம் நடத்த நாம் விரைகிறோம். வேதமோ முதலில் அவனைப் பேசவிடுகிறது.

அதே வினையிலிருந்து ஷஹக் என்னும் பெயர்ச்சொல் பிறக்கிறது: தேய்ந்து உதிர்ந்த நுண்தூள். ஏசாயா 40:15இல் தேவனுக்கு முன்பாக ஜாதிகள் எவ்வளவு அற்பமென்று காட்ட, தராசுத் தட்டில் ஒட்டிய தூசி என்னும் பொருளில் இச்சொல் வருகிறது. எடையைச் சற்றும் மாற்றாத தூசி அது. கடைக்காரர் ஊதிவிட்டு நிறுப்பார்.

ஆனால் யாத்திராகமம் 30:36இல் அதே வினை ஆசரிப்புக் கூடாரத்துக்குள் நுழைகிறது. கர்த்தருக்கென்று செய்யப்பட்ட தூபவர்க்கத்தில் ஒரு பங்கை மிகப் பொடியாக இடித்து, சாட்சிப் பெட்டிக்கு முன்பாக வைக்கவேண்டும் என்று கட்டளை பிறக்கிறது. நமக்கும் இதற்கு ஒரு சொல் உண்டு. கல்லில் உரைத்தெடுத்த சந்தனக் குழம்புக்குத் தேய்வை என்று பழந்தமிழில் பெயர். தேய்ந்ததின் பெயரே மணத்தின் பெயராயிற்று.

இன்னும் ஒரு படி உண்டு. ஷஹக் என்பதன் பன்மையாகிய ஷெஹாகீம், எபிரெயத்தில் மேகங்களைக் குறிக்கும். தூள்போல் நுண்ணியதாக உயரத்தில் பரவியிருப்பதால் அப்பெயர். கர்த்தருடைய உண்மை எட்டும் உயரத்தைச் சொல்லும் 36ஆம் சங்கீதத்தின் 5ஆம் வசனத்தில் இந்த மேகங்களே நிற்கின்றன. யோபுவின் புத்தகத்திலேயே, 36ஆம் அதிகாரத்தில், எலிகூ தேவனுடைய மகத்துவத்தைப் பேசும்போது, மனிதர்மேல் மழையைப் பொழிகிறவை இந்த ஷெஹாகீம் என்கிறான் (யோபு 36:28). 14ஆம் அதிகாரத்தில் கல்லைத் தேய்த்து நம்பிக்கையைக் கெடுத்த நீரைப் பற்றிய வினை. 36ஆம் அதிகாரத்தில் நீரைப் பொழிந்து நிலத்தை வாழவைக்கும் மேகத்தின் பெயர். யோபுவின் கேள்விக்கு இது விடையன்று. ஆனால் தான் கண்டது நீரின் முழுக்கதை அன்று என்பதை அவன் புத்தகமே அவனுக்கு மெதுவாகச் சொல்லுகிறது.

நொறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்த இடத்தில் ஓர் ஆபத்து உண்டு. ‘தேய்ந்தால்தான் பயன், நொறுங்கினால்தான் ஆசீர்வாதம்’ என்று சொல்லி, மற்றவர்களை நொறுக்குகிறவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். வேதம் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

எபிரெயத்தில் நொறுக்குதலைக் குறிக்கும் மற்றொரு சொற்குடும்பம் தக்கா. 90ஆம் சங்கீதத்தில் மனிதன் திரும்பிச் சேரும் நிர்த்தூளி இதுவே. 51ஆம் சங்கீதத்தின் நருங்குண்ட இருதயமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. உன்னதத்தில் வாசம்பண்ணுகிறவர் தங்கியிருக்கும் நொறுங்குண்ட ஆவியும் (ஏசாயா 57:15) இதுவே. ஆனால் ஏசாயா 3:15இல் அதே வினை கர்த்தருடைய குற்றச்சாட்டாக வருகிறது. மூப்பரையும் பிரபுக்களையும் நியாயத்தில் நிறுத்தி, என் ஜனத்தை நொறுக்க உங்களுக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கிறார். நீதிமொழிகள் 22:22, நியாயஸ்தலத்தில் ஏழையை நசுக்கலாகாது என்று தடுப்பதும் இந்த வினையால்தான்.

தமிழிலும் இத்தகைய ஒரு சொல் உண்டு. கல்லிலோ பாத்திரத்திலோ ஒட்டியதைச் சுரண்டுவது ஒரு செயல். பிறர் உழைப்பை ஒட்ட எடுத்துக்கொள்வதற்கும் சுரண்டல் என்றே நம் காலத்தில் பெயர் நிலைத்துவிட்டது. வெளியூரார் நம் ஊரின் பெயரை இச்சொல்லோடு சேர்த்து வேடிக்கை பேசுவதுண்டு. ஓசை ஒற்றுமையை வைத்து ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவது ஆய்வாகாது. ஆதலால் அதை விட்டுவிடலாம். ஆனால் சுரண்டல் நம் நடுவில் உண்டா என்னும் கேள்வியை விட்டுவிட முடியாது.

2017 அக்டோபரில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சிறு பெண்பிள்ளைகள். அவர்கள் இன்றைய நம் தென்காசி மாவட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அநியாய வட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருந்தும் இது நடந்தது. அந்தப் பிள்ளைகள் நொறுங்கியதில் தேவசித்தம் தேடுவது தேவதூஷணமாகும். அது மனிதர் செய்த பாவம். வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் சபைகளின் இருக்கைகளிலும் அமர்கிறார்கள். பீடி சுற்றும் பெண்களின் கூலியில் பிடித்தம் செய்கிறவர்களும், வேலைக்காரருக்கு மாதச் சம்பளத்தை இழுத்தடிக்கிறவர்களும் அமர்கிறார்கள். அப்படிப்பட்டவர் இதை வாசித்தால், அவருக்குரிய முதல் ஜெபம் காணிக்கை ஜெபம் அன்று. சகேயுவைப்போல எழுந்து நின்று, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதே அவருடைய ஜெபம்.

இந்தச் சொற்குடும்பம் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் ஏசாயா 53. நம்முடைய அக்கிரமங்களின் நிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார் என்னும் இடத்தில் நிற்பதும் இதே வினை. நொறுக்குகிறவர்களுக்கு எதிராக வழக்காடிய கர்த்தர், தாமே நொறுக்கப்படுகிறவராக வந்தார். மேலிருந்துகொண்டு, ‘நொறுங்குவது நல்லது’ என்று அவர் நமக்குப் போதிக்கவில்லை. நம்மோடு கீழே வந்து, நாம் கிடந்த இடத்தில் கிடந்தார். உயிர்த்தெழுதலின் காலையில் பிதா அவரை அங்கிருந்தே எழுப்பினார். ஆகவேதான் தேய்ந்துபோனவர்களுக்கு நாம் நம்பிக்கையைச் சொல்லத் துணிகிறோம். அந்த நம்பிக்கை களிமண்ணின் தன்மையால் வந்ததன்று, அவரால் வந்தது.

அள்ளி எடுக்கவேண்டிய வண்டல்

முடிவாக, நம் சொல்லுக்கே திரும்புவோம். இலத்தீன் சொல், எது போயிற்று என்பதைச் சொல்லுகிறது. எபிரெயச் சொல், என்ன செய்யப்பட்டது என்பதைச் சொல்லுகிறது. வண்டல் என்னும் தமிழ்ச்சொல்லோ, வந்து எங்கே தங்கியது என்பதைச் சொல்லுகிறது. சங்க இலக்கியத்தில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. சிறுமியர் நீர்க்கரையில் மணலைக் குவித்து, சிற்றில் கட்டி, பாவை செய்து ஆடும் விளையாட்டுக்கும் வண்டல் என்றே பெயர். மலை இழந்தது, குழந்தையின் கையில் விளையாட்டுப் பொருளாயிற்று.

ஆனால் தமிழ் வேதாகமத்தில் வண்டல் நல்ல பொருளில் வரவில்லை. 75ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தில் அது மதுவின் அடிக்கசடு. எரேமியா 48:11இல் மோவாப், ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்திற்கு ஊற்றப்படாமல், தன் கசட்டின்மேல் அசையாமல் இருந்துவிட்டது என்று கடிந்துகொள்ளப்படுகிறது. இதுவும் உண்மையே. குளத்தில் தங்கிய வண்டலை அப்படியே விட்டுவிட்டால் குளம் மேடாகும். மழை பெய்தும் நீர் நிற்காது. அதை அள்ளி வயலில் இட்டாலோ, குளமும் ஆழமாகும், வயலும் விளையும். இதை அறிந்தே நம் முன்னோர் ஊர்கூடிக் குளத்தைத் தூர்வாரினார்கள். அந்தக் குடிமராமத்து மரபு நெடுநாள் தளர்ந்துகிடந்தது. 2017இல் தமிழக அரசு அதற்கு மறுபடியும் உயிர்கொடுத்தது. விவசாயிகள் அனுமதி பெற்று வண்டலைக் கட்டணமின்றி எடுக்கவும் அவ்வாண்டு வழிசெய்யப்பட்டது. வயலுக்கென்று அனுமதி பெற்றுச் சூளைக்கு விற்பது களவு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நம் சபையிலும் அப்படித் தங்கியிருக்கும் வண்டல் உண்டு. நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றி விரல் தேய்ந்த தாய்மார் உண்டு. வெயிலில் பூக்கட்டையும் காய்மூட்டையும் சுமந்து முதுகு வளைந்த பெரியவர்கள் உண்டு. வகுப்பறையில் பேசிப் பேசித் தொண்டை தேய்ந்த ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாலையில் கதவோரம் அமர்ந்திருக்கும் விதவைகள் உண்டு. வாழ்வின் வெள்ளம் அவர்களை நொறுக்கி, நம் நடுவில் கொண்டுவந்து தங்கவைத்திருக்கிறது. அவர்களுடைய விசுவாசம் பருமணல் அன்று. நீரைப் பிடித்துவைக்கும் நுண்மண். நாமோ அவர்களைப் பின்னிருக்கையில் விட்டுவிட்டு, வாலிபரிடையே விசுவாசம் வறண்டுபோயிற்று என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

ஆகையால் இந்த மாதத்தில் இரண்டு காரியங்களை உங்களிடம் கேட்கிறேன். வாலிபரே, உங்கள் தெருவில் ஆலயத்திற்கு வரமுடியாத ஒரு மூத்த விசுவாசியின் வீட்டிற்குச் செல்லுங்கள். ஜெபித்துவிட்டு உடனே எழுந்துவிடாமல், அவருடைய சாட்சியைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மூத்தவர்களே, ‘என் காலம் முடிந்தது’ என்று சொல்லாதிருங்கள். ஞாயிறு பள்ளியின் பிள்ளைகளுக்கு, யோபுவின் 14ஆம் அதிகாரத்தை உங்கள் வாழ்க்கையில் வாசித்த விதத்தையும், அதன்பின் கர்த்தர் உங்களை விட்டுவிடாத விதத்தையும் சொல்லிக் கொடுங்கள். துயரத்தை மறைத்துச் சொல்லவேண்டாம். யோபு மறைக்கவில்லை.

இப்போது உங்களில் யாரேனும், வண்டலாகப் படிவதற்கும் முன்பு, வெள்ளத்தின் நடுவிலேயே அடித்துச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் நான் பயனைப் பற்றிப் பேசவில்லை. கலங்கிய நீர் தெளிய நேரம் ஆகும். அதுவரை உங்கள் கையைப் பிடித்துக்கொள்வது சபையின் கடமை. குருமனையின் கதவு திறந்தே இருக்கிறது.

ஜெபிப்போம்

எங்கள் நிமித்தம் நொறுக்கப்பட்ட ஆண்டவரே, தேய்ந்துபோனோம் என்று சோர்ந்திருக்கிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். அவர்களுடைய முறையீட்டைக் கேளும். ஏழையை நொறுக்குகிற கைகளைத் தடுத்து, அவர்களுக்கு மனந்திரும்புதலைத் தாரும். தங்கிவிட்ட எங்களை அள்ளி எடுத்து, நீர் விரும்பும் நிலத்தில் இட்டருளும். எங்கள் மலைகளின்மேலும் குளங்களின்மேலும் ஏற்ற காலத்தில் மழையைக் கட்டளையிடும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபம் கேளும், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.